தைராய்டு ஆபரேஷனுக்கு முன் வைட்டமின் டி: எட்டு வாரக் கணக்கு

தைராய்டை முழுதாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளுக்கும் ஆபரேஷன் நாளுக்கும் இடையே குமரி மாவட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் சில வாரங்கள் கிடக்கும். பிள்ளைகளின் பரீட்சை கழியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்பார்கள். கடற்கரை ஊர்களில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடை. ஆண்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கட்டி அவசரமில்லாதது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருந்தால் இதில் தவறில்லை. ஆனால் ஜூன் முதல் வாரத்தில் ஆபரேஷன் என்றால், ரத்தப் பரிசோதனை மார்ச் கடைசியிலும் வைட்டமின் டி ஏப்ரல் முதல் வாரத்திலும் தொடங்கியிருக்க வேண்டும். தைராய்டை முழுதாக எடுத்தபின் ரத்தத்தில் கால்சியம் இறங்கலாம், அந்தச் சரிவைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. பலரும் இதை ஆபரேஷனுக்கு முந்தின வாரம்தான் நினைக்கிறார்கள். அப்போது தொடங்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர் ஆபரேஷனுக்கு மறுநாள் பெரிதாகக் கைகொடுக்காது. ஏன் என்பது கீழே வருகிறது.

கால்சியம் ஏன் இறங்குகிறது

தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் கால்சியம் விழாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு என்ற சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு நான்கு. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு, மங்கிய கடுகு மஞ்சள் நிறம். சுற்றியுள்ள கொழுப்பும் கிட்டத்தட்ட அதே நிறம் என்பதால் தேர்ந்த கைக்கும் கண் ஏமாறும். இவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் நூல் போல மெல்லியது, அதுவும் பெரும்பாலும் தைராய்டுக்குப் போகும் குழாயிலிருந்தே பிரிகிறது. தைராய்டை உரித்தெடுக்கும்போது சுரப்பி இடத்திலேயே இருந்தாலும், அந்த நூல் இழுபட்டால் போதும், சில நாட்கள் அல்லது சில வாரங்களுக்கு அது மயங்கிக் கிடக்கும். ரத்த ஓட்டம் முழுக்க அறுந்துபோனால், சர்ஜன் அந்தச் சுரப்பியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதித்துவிடுவதும் உண்டு. அது வேர்பிடித்து வேலைசெய்யப் பல வாரங்கள் ஆகும்.

பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். சுரப்பது நின்றால் அளவு உடனே விழும். கால்சியம் அப்படி உடனே விழாது, மெல்ல இறங்கி இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அடிமட்டத்தைத் தொடும். அந்த நேரத்தில் பலர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருப்பார்கள். ஆறுகாணியிலோ பத்துகாணியிலோ இருக்கும் மலையோர வீட்டில் நள்ளிரவு கால்சியம் குறைந்து கை இழுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வேண்டும்.

இதில் வைட்டமின் டி எங்கே வருகிறது? உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச அது தேவை. குறைவாக இருப்பவர்களுக்குப் பாராதைராய்டு ஏற்கெனவே அதிக நேர வேலை பார்த்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத்தான் ரத்த அளவைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும். ஆபரேஷனில் அந்தச் சுரப்பியும் மயங்கினால் பிடிப்பே இல்லாமல் போகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: வைட்டமின் டி பாராதைராய்டைக் காப்பாற்றாது. அது சர்ஜனின் கையில் இருக்கிறது. வைட்டமின் டி செய்வது, சுரப்பி தூங்கும் நாட்களில் விழுகிற பள்ளத்தின் ஆழத்தைக் குறைப்பது. முன்கூட்டிக் கொடுப்பதால் வரும் பலன் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனால் குறைபாடு இருப்பவருக்கு அதைச் சரிசெய்துவிட்டு மேஜைக்கு அனுப்புவது மலிவான, எளிய முன்னெச்சரிக்கை.

படி 1: எந்த ஆபரேஷன் என்று கேளுங்கள்

பாதித் தைராய்டு மட்டும் எடுப்பதென்றால் மறுபக்கச் சுரப்பிகள் தொடப்படுவதில்லை. கால்சியம் விழுவது அரிது. முழுத் தைராய்டு, புற்றுநோய்க்காகக் கழுத்தின் நடுப்பகுதி நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பது, ஒருமுறை அறுத்த கழுத்தை மறுபடி திறப்பது, அதிகச் சுரப்பு உள்ள கிரேவ்ஸ் நோய், முன்பு உடல் எடை குறைக்கக் குடல் ஆபரேஷன் செய்திருப்பது என்றால் ஆபத்து கூடும். கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாதக்கணக்காகத் தேய்ந்த எலும்பு, ஆபரேஷன் முடிந்த உடனே ரத்தத்திலுள்ள கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் கார்பிமசோல் போன்ற மாத்திரையால் சுரப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கத்தி வைப்பார்கள்.

படி 2: ரத்தப் பரிசோதனை, எட்டு ஒன்பது வாரம் முன்பு

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொள்பவரானாலும் திருவனந்தபுரம் போகிறவரானாலும் கேட்டு வாங்க வேண்டிய பட்டியல் ஒன்றுதான்: 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின், பாஸ்பரஸ், மக்னீசியம், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன்.

லேபில் '1,25' என்று தொடங்கும் வைட்டமின் டி பரிசோதனையை எழுதிவிடாமல் பாருங்கள். விலை கூடுதல், இந்த வேலைக்கு உதவாது. குறைபாடு உள்ளவரிடமும் அது சாதாரணமாகவே காட்டும். முடி, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது சில கருவிகளில் தைராய்டு, பாராதைராய்டு, வைட்டமின் டி அளவுகளை எல்லாம் தப்பாகக் காட்டவைக்கும்.

வைட்டமின் டி அளவை வாசிப்பது எளிது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 20 முதல் 30 வரை போதாமை, 30க்கு மேல் இருந்தால் ஆபரேஷனுக்குப் போதும். 100ஐத் தாண்டினால் கூடிப்போயிற்று என்று பொருள். 80, 90 என்று ஏற்றினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

கால்சியத்தை ஆல்புமினோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆல்புமின் 4க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 0.8ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்டுங்கள். கால்சியம் 8.0, ஆல்புமின் 3.0 என்றால் உண்மையில் அது 8.8. சாதாரண அளவு 8.5 முதல் 10.5 வரை.

கால்சியம் 10.5க்கு மேல் இருந்தால் வைட்டமின் டி பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பாராதைராய்டிலேயே கட்டி இருக்கலாம். அப்படியிருந்தால் ஆபரேஷன் திட்டமே மாறும். சிறுநீரகக் கல் வந்தவர், சிறுநீரகம் பழுதானவர், காசநோய் சிகிச்சையில் இருப்பவர், டிஜாக்சின் சாப்பிடும் இதய நோயாளி ஆகியோர் டாக்டர் அளவு குறித்துத் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

மக்னீசியத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அது குறைந்தால் நல்ல பாராதைராய்டும் சுரக்காது, எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஏறாது. வருஷக்கணக்காகக் காலையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போடுபவர்களிடமும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இது வரும்.

"கடல் பக்கத்து ஊர், வெயிலுக்கு என்ன குறை, இங்கே எப்படி வைட்டமின் டி குறையும்?" என்று கேட்பார்கள். தோல் வைட்டமின் டி தயாரிக்கக் காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணி வரையுள்ள வெயில், துணி மூடாத தோலில் நேராக விழ வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப்போகிறவர் விடியுமுன் இறங்கி மரநிழலிலேயே வேலையை முடிக்கிறார். முந்திரி ஆலையில் இருக்கும் பெண் காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருகிறார். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் வேண்டிய கதிர் வடிந்துபோகிறது. கருத்த தோலுக்கு அதிக நேரமும் வேண்டும். போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. சாளையும் அயிலையும் வைட்டமின் டி உள்ள மீன்கள்தான். ஆனால் தினமும் மீன் புளிமுளம் என்ற குழம்பு வைத்தாலும், 12இல் நிற்கும் அளவை எட்டு வாரத்தில் 30க்குக் கொண்டுவர அது போதாது.

படி 3: இருக்கும் நாட்களுக்கு ஏற்ற அளவு

மருந்துக்கடையில் வைட்டமின் டி என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்கள் கைக்கு வரலாம். இவற்றைக் குழப்புவதுதான் பெரிய தவறுகளின் தாய்.

முதலாவது கோலிகால்சிஃபெரால், 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் அல்லது கேப்சூல். இது மூலப்பொருள். கல்லீரல் ஒருமுறை மாற்ற வேண்டும், பிறகு சிறுநீரகம் இன்னொரு முறை மாற்ற வேண்டும். அப்போதுதான் வேலை செய்யும். அந்த இரண்டாவது மாற்றத்துக்குப் பாராதைராய்டு ஹார்மோன் உந்துதல் தேவை. சுரப்பி மயங்கியிருக்கும் நாட்களில் இந்தப் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தால் பலன் மிகவும் தாமதமாகும் என்பது இதனால்தான். இரண்டாவது கால்சிட்ரியால், 0.25 மைக்ரோகிராம் கேப்சூல். இது மாற்றம் முடிந்த பொருள். நேராகக் குடலுக்குப் போய் ஓரிரு நாட்களில் வேலையைக் காட்டும். முதலாவது ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களுக்கு, இரண்டாவது ஆபரேஷனை ஒட்டிய நாட்களுக்கு.

எட்டு வாரம் கையில் இருந்து அளவு 20க்குக் கீழே என்றால், வழக்கமாக எழுதுவது வாரம் ஒரு 60,000 யூனிட், எட்டு வாரம். மொத்தம் 4.8 லட்சம் யூனிட். உடல் எடை மிக அதிகமானவர்களுக்கு மருந்து கொழுப்பில் தங்கிவிடும். இரண்டு மூன்று மடங்கு வரை தேவைப்படலாம். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கும் கூட்ட வேண்டிவரும். இதை டாக்டர் தீர்மானிக்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சீட்டு அல்ல.

மூன்று நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால் அதே வாராந்தர அளவை உடனே தொடங்கலாம், முழுதாக நிரம்பாது என்றாலும் பாதிக் குழியாவது நிரம்பும். சில டாக்டர்கள் இந்த நிலையில் வாரம் இருமுறை எழுதுவார்கள். ஒரு வாரத்துக்கும் குறைவு என்றால் பாக்கெட்டை மட்டும் நம்பாமல், ஆபரேஷனுக்கு முந்தைய சில நாட்களிலிருந்தே கால்சியமும் கால்சிட்ரியாலும் தொடங்கலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். புற்றுநோய் ஆபரேஷனை வைட்டமின் டிக்காகத் தள்ளிவைக்கக் கூடாது. ஆபரேஷன் முதலில், குறையை மருந்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

எடுக்கும் முறை: கொழுப்புள்ள சாப்பாட்டோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோறுதான் இதற்குப் பொருத்தமான வேளை, நாளும் மறக்காது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் காலண்டரில் வட்டமிட்டு, எடுத்ததும் அடித்துவிடுங்கள். ஒரு ஞாயிறு தவறினால் திங்கள்கிழமை எடுக்கலாம், இரண்டு சேர்த்து விழுங்க வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்: சீட்டில் 'வாரம் ஒன்று' என்பதை 'நாள் ஒன்று' என்று படித்துவிடுவது. அட்டையிலிருக்கும் நான்கு கேப்சூல் நான்கு நாளில் தீர்ந்து, திரும்ப வாங்கி வருவார்கள். சில வாரம் அப்படிப் போனால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் வரும். '6 லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டால் முடிந்தது' என்பதும் நல்ல யோசனை அல்ல. ஊசி தசையிலிருந்து சீராக இறங்குவதில்லை, எப்போது எவ்வளவு ஏறும் என்று கணிக்க முடியாது; ஆபரேஷன் தேதிக்கு ஏற்பத் திருப்பவும் முடியாது.

படி 4: கால்சியத்தையும் பாருங்கள்

வைட்டமின் டி கதவைத் திறக்கும், உள்ளே வரக் கால்சியம் வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மி.கி தேவை. 200 மி.லி பாலில் ஏறத்தாழ 240 மி.கி, 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி சொச்சம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் அந்த முள்ளே கால்சியம். வாங்கி முள்ளை எடுத்துவிட்டால் பாதிப் பயன் குப்பைக்குப் போகிறது. கட்டன்சாயாவும் மரச்சீனிக் கிழங்குமாக நாளை ஓட்டுகிறவருக்கு மாத்திரை தேவைப்படும்.

கால்சியம் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி' என்றால் உண்மைக் கால்சியம் 500 மி.கி. 'கால்சியம் கார்பனேட் 500 மி.கி' என்றால் 200 மி.கிதான். இரண்டையும் பேச்சில் '500' என்றே சொல்வார்கள். கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால், எண்ணிக்கை சரியாக இருந்தும் பாதிக்கும் கீழேதான் உடம்புக்குப் போகும். சில மாத்திரைகளில் 0.25 மைக்ரோகிராம் கால்சிட்ரியாலும் சேர்ந்தே இருக்கும். தெரியாமல் தனியாகவும் கால்சிட்ரியால் எடுத்தால் அளவு இரட்டிப்பாகும்.

கார்பனேட் சாப்பாட்டோடு, ஒருவேளைக்கு 500 மி.கி அளவில். பான்டோப்ரசோல் போடுபவருக்கு வயிற்றில் அமிலம் குறைவு. கார்பனேட் சரியாகக் கரையாது, சிட்ரேட் நல்லது. இரும்புச்சத்து மாத்திரையை அதே வேளையில் போடாதீர்கள்.

படி 5: கடைசி வாரமும் ஆபரேஷன் நாளும்

வைட்டமின் டி, கால்சியம், மக்னீசியம் மறுபடி ஒருமுறை பாருங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே மருந்துகளை வாங்கி வையுங்கள். கால்சிட்ரியால் எல்லா ஊர்க் கடையிலும் இருப்பு இருக்காது. ஆபரேஷன் அன்று காலை எந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கலாம் என்பதை மயக்க டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய கால்சியமோ வைட்டமின் டியோ தவறினால் நஷ்டமில்லை.

படி 6: முதல் ஐந்து நாட்கள்

வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் பாராதைராய்டு ஹார்மோனைப் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 15 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் பெரிய சரிவு வரும் வாய்ப்பு குறைவு. அதற்குக் கீழே என்றால் மாத்திரை கட்டாயம். பல இடங்களில் முழுத் தைராய்டு எடுத்த எல்லோருக்குமே உண்மைக் கால்சியம் நாளுக்கு 1 முதல் 3 கிராம் வரை பிரித்தும், தேவைப்பட்டால் கால்சிட்ரியால் 0.25 முதல் 0.5 மைக்ரோகிராம் நாளுக்கு இருவேளையும் எழுதிவிடுவார்கள். கால்சியமும் கால்சிட்ரியாலும் சேர்ந்து கொடுத்தால் அறிகுறிகள் குறைகின்றன என்பதற்கு, ஆபரேஷனுக்கு முந்தைய பாக்கெட்டைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது.

முதல் அறிகுறி உதட்டைச் சுற்றி. எறும்பு ஊர்வது போல, மிளகாய் பட்டது போல ஒரு விறுவிறுப்பு. பிறகு விரல் நுனி மரத்துப்போகும், கெண்டைக்கால் பிடிக்கும். பயந்து மூச்சு வேகமாக வாங்கினால் இது இன்னும் கூடும். அடுத்த கட்டத்தில் கை கோணும்: மணிக்கட்டு உள்ளே மடங்கும், விரல்கள் நீட்டியபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பெருவிரல் உள்ளங்கைக்குள் போகும். பிரஷர் பார்க்கும்போது பட்டை இறுகியதும் கை இப்படி மடங்கினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நர்ஸ்கள் வேண்டுமென்றே பட்டையை மேல் அளவைவிட 20 கூட்டி மூன்று நிமிஷம் இறுக்கிப் பார்க்கும் சோதனையும் இதுதான்.

வீட்டில் என்றால்: விறுவிறுப்பு தொடங்கியதும் டாக்டர் முன்கூட்டிச் சொன்ன கூடுதல் அளவு கால்சியத்தை மென்று விழுங்குங்கள், வழக்கமாக உண்மைக் கால்சியம் ஒரு கிராம், அதாவது உண்மைக் கால்சியம் 500 மி.கி உள்ள மாத்திரை இரண்டு. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் ரத்தத்தில் கால்சியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கை கோணினால், தொண்டை இறுகினால், மூச்சு சீறினால், நெஞ்சு படபடத்தால், வலிப்பு வந்தால் 108. பஸ்ஸில் ஏறிப் போகிற நேரம் அல்ல அது. அங்கே 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி ஊசியை ஈசிஜி பார்த்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் மெல்ல ஏற்றுவார்கள். அதில் உண்மைக் கால்சியம் 93 மி.கி மட்டுமே, அதனால் ஊசிக்குப் பிறகும் டிரிப்பும் மாத்திரையும் தொடரும். இரண்டு நாளுக்கு முன் கழுத்து அறுத்தது என்று வண்டியில் ஏறும்போதே சொல்லுங்கள். கழுத்து வீங்கி மூச்சு திணறுவது கால்சியப் பிரச்சினை அல்ல, உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதற்கும் 108தான்.

படி 7: தைராய்டு மாத்திரையோடு மோதாமல்

தைராக்சின் மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உறிஞ்சப்படாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நடைமுறையில் இப்படி வைக்கலாம்: காலை 6 மணிக்கு தைராக்சின், வெறும் தண்ணீரில். 7 மணிக்குக் கட்டன்சாயா, பலகாரம். சாயாவை அதற்கு முன்னால் குடிக்கக் கூடாது. 10.30க்கு ஏதாவது கொறித்துக் கால்சியம், மதியச் சோற்றோடு 1.30க்கு, ராத்திரிச் சாப்பாட்டோடு 8.30க்கு. புற்றுநோய்க்குப் பின் ரேடியோ அயோடின் கொடுக்க இருப்பவர்களுக்குச் சில சமயம் தைராக்சினைத் தள்ளிவைப்பார்கள். அப்போதும் கால்சியம் நிற்காது.

படி 8: குறைத்துக்கொண்டு வருவது

நன்றாக இருக்கிறது என்று பத்தாம் நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் பன்னிரண்டாம் நாள் கை விறுவிறுக்கத் திரும்பி வருகிறார்கள். ஒன்று இரண்டு வாரத்தில் கால்சியம் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி கால்சிட்ரியாலையும் கால்சியத்தையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைத்த ஒவ்வொரு முறையும் சில நாள் உடம்பைக் கவனித்து, தேவைப்பட்டால் ரத்தம் பார்த்து அடுத்த படிக்குப் போங்கள். எதிர்ப்பக்கம் தவறும் உண்டு: சீட்டைப் புதுப்பிக்காமலே மாதக்கணக்காகக் கால்சிட்ரியால் சாப்பிட்டு, அளவு கூடி, சிறுநீரகத்தில் கல் சேர்ப்பது.

கோலிகால்சிஃபெரால் மட்டும் நிறுத்த வேண்டியதில்லை. நிரம்பிய பிறகு மாதம் ஒரு 60,000 யூனிட் என்று டாக்டர்கள் தொடர்வது வழக்கம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சுரப்பி விழித்துவிடும். ஆறு மாதம் கழிந்தும் மாத்திரை இல்லாமல் கால்சியம் நிற்கவில்லை, பாராதைராய்டு ஹார்மோனும் எழவில்லை என்றால் அது நிரந்தரக் குறைபாடு. அப்போது நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போங்கள். அவர் கால்சியத்தைச் சாதாரண அளவின் கீழ் விளிம்பிலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் நிறுத்திவைப்பார், 8.3, 8.5 என்று ரிப்போர்ட் வந்தால் குறைந்துவிட்டது என்று நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிவிடாதீர்கள்.